கல்யாணப் பை

நாகஜோதி பஸ்ஸில் ஏறினால் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. கைகளைத்தான் பார்ப்பாள். மேல்கம்பியைப் பிடித்திருக்கும் கை, மடியில் மடங்கிக் கிடக்கும் கை, முந்தானைக்குள் போன கை. எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்து முடித்த பிறகுதான் உட்கார இடம் தேடுவாள். பக்கத்தில் இருப்பவளின் ஒரு கை கண்ணுக்குத் தெரியவில்லை என்றால், காலி இடத்தை விட்டுவிட்டு நின்றுகொண்டே வருவாள். அலங்காநல்லூரிலிருந்து மதுரை பெரியார் நிலையத்துக்குப் போகும் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருக்கும் விருமாண்டி, பல வருஷமாக இதைக் கவனித்து வைத்திருந்தார்.

"என்னத்தா, செக்கிங் முடிஞ்சுச்சா? விசிலு குடுக்கலாமா?" என்று கேட்பார்.

அவள் சிரிக்க மாட்டாள். கண்டக்டரின் கையும் கைதானே.

அவள் கொண்டுபோன சரக்கு அப்படி. மதுரையில் மகாலுக்குப் பக்கத்துத் தெருவில் மீனலோசனி என்பவர் கல்யாண ஜாக்கெட் தைக்கும் கடை வைத்திருக்கிறார். கடையில் அளவெடுத்துப் பட்டுத் துணியில் கோடு போட்டுக் கொடுப்பார்கள். அதில் முத்தும் கல்லும் ஜரிகையும் வைத்து வேலை செய்வது அலங்காநல்லூர்ப் பக்கத்து ஊர்களில் வீட்டோடு இருக்கும் பெண்கள். மரச்சட்டத்தில் துணியை விறைப்பாக இழுத்துக் கட்டி, முனை வளைந்த ஊசியால் குத்திக் குத்தி எடுக்கும் ஆரி வேலை அது. வேலை முடிந்த துணி கடைக்குத் திரும்பிய பிறகுதான் வெட்டித் தைப்பார்கள். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் பஸ்ஸில் ஓடுகிறவள் நாகஜோதி. துணி வராவிட்டால் ஒரு கல்யாணப் பெண் ஜாக்கெட் இல்லாமல் நிற்க வேண்டியதுதான்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றவளுக்கு அது பெரிய வேலை. கணவர் அழகுபாண்டிக்குக் குத்தகை வயல். வாய்க்காலில் தண்ணீர் வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. மாதம் தவறாமல் வீட்டுக்கு வருவது இவளுடைய சம்பளம்தான்.

அவள் பிறவியிலேயே சந்தேகக்காரி இல்லை. கல்யாணமான புதிதில் கணவரோடு திருப்பரங்குன்றம் கோயிலுக்குப் போய்த் திரும்பினாள். திருகு கழன்ற தோட்டைக் கழற்றி மணிபர்சில் போட்டுப் பைக்குள் வைத்திருந்தாள். பெரியாரில் இறங்கிப் பார்த்தால் பையின் பக்கவாட்டில் பிளேடு போட்ட கோடு, பர்ஸ் இல்லை. தோடு போனதைவிட வீட்டுக்கு வந்த பிறகு நடந்ததுதான் பெரிது. "அவளே பைய அறுத்துட்டு, தோட்ட அவுக அம்மா வீட்டுல குடுத்துட்டு வந்திருக்கா" என்று நாத்தனார் அடுப்படியில் சொன்னது காதில் விழுந்தது. திண்ணையிலிருந்த அழகுபாண்டியும் அதைக் கேட்டுவிட்டு வயலுக்குக் கிளம்பிப் போனார். அவர் அதை நம்பினாரா இல்லையா என்று நாகஜோதி கேட்டதும் இல்லை. அதற்குப் பிறகுதான் கைகளைப் பார்க்கும் பழக்கம் வந்தது.

வேலை கொடுக்கும்போதே மீனலோசனி ஒரு பெரிய ஜிப் பையும் கொடுத்திருந்தார். கறுப்பு நிறம். கடையின் பெயர் பொன் எழுத்தில் மின்னும். சின்னப் பூட்டுக்கூட உண்டு. அதைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறுவதும், திருடனைக் கைதட்டிக் கூப்பிடுவதும் ஒன்று என்று நாகஜோதி நினைத்தாள். அதனால் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள், யாரிடமும் சொல்லவில்லை. விலை கூடிய துணியை ஒரு கல்யாணத் தாம்பூலப் பையில் வைத்துக் கொண்டுபோவாள். மணமக்கள் பேர் போட்ட மஞ்சள் துணிப் பை. உள்ளே ஒரு தேங்காய், நாலு வெற்றிலை, பாக்கு என்பது பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். தேங்காய்க்காக எவன் பிளேடு போடப் போகிறான்? ஜிப் பையை மடித்து அதே பைக்குள் அடியில் வைத்திருப்பாள். கடைத்தெரு முனையில் ஒரு டீக்கடைக்குப் பின்னால் நின்று துணியை ஜிப் பைக்கு மாற்றி, பூட்டைப் போட்டுக்கொண்டு உள்ளே போவாள்.

"பாத்தியா ஸ்ரீநாத்து, நாகு எம்புட்டுப் பத்திரமாக் கொண்டுவரா" என்பார் மீனலோசனி. ஸ்ரீநாத் அவருடைய தம்பி மகன். கடையில் கல்லாவில் இருப்பவன். பிறகு அவர்கள் இரண்டு பேரும் தங்கள் வீட்டுப் பாஷையான சௌராஷ்டிரத்தில் ஏதோ பேசிக்கொள்வார்கள். அது தன்னைப் பற்றித்தான் என்று நாகஜோதிக்குத் தோன்றும். ஸ்ரீநாத் தலையை ஆட்டினால் அந்தச் சந்தேகம் இன்னும் வலுக்கும். அவர்கள் மத்தியானச் சாப்பாட்டைப் பற்றிக்கூடப் பேசியிருக்கலாம்.

அந்த பஸ்ஸில் அவள் எல்லாரையும்விட அதிகமாகச் சந்தேகப்பட்டது தாமரைச்செல்வியை.

ஐம்பது வயதுக்காரி. தடித்த உடம்பு. குமாரத்தில் ஏறுவாள். எப்போதும் ஒரு வயர்கூடை வைத்திருப்பாள். அதன் வாயைத் துணி போட்டு மூடியிருப்பாள். மூடிய கூடை ஒரு பக்கம் இருக்கட்டும். அவள் இறங்கும் இடம்தான் நாகஜோதிக்கு உறுத்தியது. மூன்று மாதம் பாசிங்காபுரத்தில் இறங்கினாள். அடுத்த மூன்று மாதம் சிக்கந்தர் சாவடி. பிறகு கூடல் நகர். வேலைக்குப் போகிற மனுஷிக்கு ஒரு நிறுத்தம் இருக்குமா, ஊர்பட்ட நிறுத்தம் இருக்குமா? போதாக்குறைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு, "பையில என்னத்தா?" என்று வேறு கேட்பாள்.

"தேங்கா" என்பாள் நாகஜோதி.

"தெனம் ஒரு கல்யாணமா? குடுத்து வச்சவத்தா நீ."

அன்றிலிருந்து தாமரைச்செல்வி ஏறினால் நாகஜோதி பைப்பிடியை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொள்வாள்.

சம்பவம் நடந்தது ஒரு வைகாசி முகூர்த்த நாளில். அலங்காநல்லூர்ப் பக்கம் பவதாரிணி என்ற பெண்ணிடம் ஒரு கல்யாண ஜாக்கெட் துணி முடிந்து தயாராக இருந்தது. அரக்குப் பட்டில், முதுகு முழுக்க யானையும் மயிலும். மறுநாள் விடிகாலை முகூர்த்தம். மத்தியானத்துக்குள் துணி கடைக்கு வந்துவிட்டால் சாயங்காலம் தைத்துக் கொடுத்துவிடலாம் என்று மீனலோசனி காலையிலேயே இரண்டு தடவை போன் செய்துவிட்டார்.

நாகஜோதி துணியை வெளிச்சத்தில் பிடித்து மயிலின் தோகையிலிருந்து ஒவ்வொரு கல்லாகத் தடவிப் பார்த்தாள்.

"என்ன மதினி, நான் கல்ல முழுங்கிட்டேனான்னு பாக்குறீகளா?" என்றாள் பவதாரிணி.

"ஒன்ன யாருடி சொன்னா? ஒட்டுனது விட்டுருச்சான்னு பாக்குறேன்."

"ஒட்டல மதினி, தச்சது. எத்தன வருசமாப் பாக்குறீக."

துணியை வைக்கும்போது நாகஜோதி கொண்டுவந்திருந்த பழைய பையின் பிடி அறுந்துவிட்டது. பவதாரிணி உள்ளே போய்ப் புதுத் தாம்பூலப் பை ஒன்றை எடுத்து வந்து தேங்காயை வெளியே வைத்துவிட்டுக் கொடுத்தாள். முந்தின நாள் ராத்திரி ஒரு மண்டபத்தில் பெண்ணழைப்புச் சாப்பாட்டில் கொடுத்த பை. யார் வீட்டுக் கல்யாணம், எந்த மண்டபம் என்று நாகஜோதி கேட்கவில்லை. பவதாரிணியின் மாமனார் வாசலில் நின்று இதையெல்லாம் ஏன் பார்க்கிறார் என்ற யோசனையில் இருந்தாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. குமாரத்தில் தாமரைச்செல்வி ஏறி, வேறு இடம் இருந்தும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நாகஜோதி பிடியைச் சுற்றிக்கொண்டாள். பாசிங்காபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு மண்டபம். காலை முகூர்த்தம் முடிந்து, சாப்பிட்டு, மொத்தக் கூட்டமும் பஸ்ஸுக்கு நின்றது. பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்று ஆன பிறகு எந்தக் கல்யாணத்துக்கும் வேன் பிடிப்பதில்லை; எல்லாரும் டவுன் பஸ்தான். மல்லிகைப்பூவும் சந்தனமும் வியர்வையுமாக ஏறினார்கள். ஏறிய ஒவ்வொரு கையிலும் ஒரு மஞ்சள் பை.

அதே மஞ்சள். அதே சிவப்பு எழுத்து. அதே மணமக்கள்.

நாகஜோதி பிடியை மணிக்கட்டில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

நிற்கிறவர்கள் தங்கள் பையை உட்கார்ந்திருக்கிறவர் மடியில் வைப்பது அந்தப் பக்கத்துப் பழக்கம். கேட்க வேண்டியதில்லை. ஏறியதும் வைப்பார்கள், இறங்கும்போது எடுத்துக்கொள்வார்கள். வேண்டாம் என்று சொன்னால் சொன்னவளை மனுஷியாக மதிக்க மாட்டார்கள். மஞ்சள் சேலை கட்டிய ஒரு இளம்பெண், இடுப்பில் கைப்பிள்ளையோடு, "அக்கா, செத்த வச்சுக்கங்க" என்று இரண்டு பைகளை நாகஜோதி மடியில் போட்டாள். பின்னால் வந்தவள் ஒன்று போட்டாள். யாரோ மேலிருந்து இன்னொன்றை இறக்கினார்கள். மடி நிறைந்துவிட்டது. அடியில் எங்கோ அவளுடைய பை. மணிக்கட்டில் பிடி இருந்ததால் பரவாயில்லை என்றிருந்தாள்.

சிக்கந்தர் சாவடிக்கு முன்னால் ஒரு வேகத்தடை. டிரைவர் அதைப் பார்க்காமலே ஏற்றிவிட்டார். எல்லாரும் ஒரு முழம் எழும்பி விழுந்தார்கள். நாகஜோதி முன்கம்பியைப் பிடிக்கக் கையை உருவினாள். அந்த ஒரு நொடிதான். அதற்குள் நிறுத்தம் வந்துவிட்டது.

"அக்கா, என் பை, என் பை" என்று மஞ்சள் சேலைக்காரி படியிலிருந்து கத்தினாள். தாமரைச்செல்வி நாகஜோதியின் மடியிலிருந்து ஒன்று, இரண்டு என்று எடுத்துத் தலைகளுக்கு மேலாகக் கொடுத்தாள். "இந்தாத்தா, பிள்ளையப் பாத்து எறங்கு" என்றாள். பஸ் கிளம்பியது.

நாகஜோதி மிச்சம் இருந்த பைகளை அழுத்திப் பார்த்தாள். ஒன்றில் உருண்டையாக, கல்லு மாதிரி ஒன்று. அடுத்த இரண்டிலும் அதே உருண்டை. தேங்காய்.

சட்டென்று தாமரைச்செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கண்டக்டரண்ணே, பஸ்ஸ நிப்பாட்டுங்க! என் பைய எடுத்துட்டா! இந்தம்மா திருடி, கூட்டாளிகிட்டக் குடுத்து அனுப்பிருச்சு!"

அந்த பஸ்ஸில் அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. டிரைவர் ஓரங்கட்டினார். விருமாண்டி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார்.

"என்னத்தா காணோம்?"

"பை. கல்யாணப் பை."

பஸ்ஸே சிரித்தது. "அடியாத்தி, ஒரு தேங்காய்க்கா இம்புட்டு அலப்பற?" என்றது ஒரு குரல். "என்னோடத எடுத்துக்கத்தா, எங்க வீட்ல நாலு மரம் நிக்குது" என்றது இன்னொன்று.

"தேங்கா இல்ல. பட்டுத் துணி. கல்லு வச்ச துணி" என்றாள் நாகஜோதி.

"பட்ட எதுக்குத்தா தாம்பூலப் பையில வச்ச?" என்று விருமாண்டி கேட்டார்.

அவள் அதைக் காதில் வாங்காமல் தாமரைச்செல்வியின் வயர்கூடையைக் காட்டினாள்.

"அந்தக் கூடையத் தொறக்கச் சொல்லுங்க. தெனம் ஒரு எடத்துல எறங்குறா. நான் பாத்துக்கிட்டுத்தான் வாரேன்."

பஸ்ஸில் சிரிப்பு நின்றது. தாமரைச்செல்வி தன் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, கூடையின் மேலிருந்த துணியை எடுத்தாள். ஒவ்வொன்றாக எடுத்து இருக்கையில் வைத்தாள். விளக்கெண்ணெய்ச் சீசா. பாசிப்பயற்று மாவு டப்பா. கஸ்தூரி மஞ்சள். சாம்பிராணி. துவைத்து மடித்த பழைய வேட்டித் துண்டுகள். வசம்பு கோத்த சின்ன வளையல் ஒன்று.

"பச்சப்பிள்ளைகளக் குளிப்பாட்டுறவத்தா நானு" என்றாள். நாகஜோதியிடம் சொல்லவில்லை, பஸ்ஸைப் பார்த்துச் சொன்னாள். "பிள்ள எந்த வீட்டுல பெறக்குதோ அந்த வீட்டுக்குப் போவேன். மூணு மாசம் போனா வேற வீடு. அதான் வேற வேற எறக்கம்."

பின்னாலிருந்து ஒரு வயதான பெண், "ஏன், அந்த வேலையில இருந்துக்கிட்டே எடுக்கக்கூடாதா என்ன?" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது எல்லாருக்கும் கேட்டது. தாமரைச்செல்வி கூடையைத் திரும்ப அடுக்கினாள். மஞ்சள் டப்பாவின் மூடி சரியாக உட்காரவில்லை. இரண்டு தடவை அழுத்தினாள்.

கூடல் நகரில் அவள் இறங்கினாள். நாகஜோதியும் பின்னாலேயே இறங்கினாள்.

"என்னத்துக்கு என் பின்னால வார?"

"அந்த மஞ்சச் சேலைக்காரி யாரு? ஒனக்குத் தெரியும். 'பிள்ளையப் பாத்து எறங்கு'ன்னியே."

"தெரியும். அந்தப் பிள்ளையக் குளிப்பாட்டுனதே நாந்தான். வீடு தெரியும், தெரு தெரியும்."

"அப்பச் சொல்லு."

தாமரைச்செல்வி நின்று அவளை ஒரு பார்வை பார்த்தாள். "எனக்கு இங்கன வெந்நி போட்டு வச்சுட்டுக் காத்திருக்காக. பசிச்ச பிள்ளையக் குளிப்பாட்ட முடியாது, பால் குடிச்ச உடனேயும் முடியாது. நேரம் தப்பக்கூடாது. வேணும்னா நில்லு" என்று ஒரு வீட்டுக்குள் போய்விட்டாள்.

நாகஜோதி தெருவில் நின்றாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம், பிள்ளை வீறிடும் சத்தம். இந்த வீட்டுக்குப் பின்வாசல் இருக்குமோ? சந்து வழியாகப் போய்ப் பார்த்தாள். இருந்தது. முன்வாசலும் பின்சந்தும் தெரிகிற மாதிரி ஒரு மின்கம்பத்தை ஒட்டி நின்றுகொண்டாள். இரண்டு பேரும் கூட்டாளிகளாக இருந்தால்? நேரம் கடத்துவதற்காகத்தான் தன்னை இங்கே நிற்க வைத்திருக்கிறாளோ? பிள்ளை அழுவதுகூட வேறு வீட்டிலிருந்து கேட்கிற மாதிரி இருந்தது. பிறகு ஜன்னல் வழியாகச் சாம்பிராணிப் புகை வந்தது, அழுகை நின்றது.

போன் அடித்தது. மீனலோசனி. முதல் தடவை எடுக்கவில்லை. இரண்டாம் தடவை எடுத்தாள்.

"எங்க நாகு இருக்க? பொண்ணோட அம்மா கடையிலேயே வந்து உக்காந்திருக்காங்க."

"வந்துக்கிட்டே இருக்கேன்க்கா. ஒரே டிராபிக்கு. செல்லூர்ப் பாலத்துக்கிட்ட."

செல்லூர் இன்னும் எவ்வளவோ தூரத்தில் இருந்தது.

தாமரைச்செல்வி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே முன்வாசல் வழியாகத்தான் வந்தாள். இவள் மின்கம்பத்தடியில் நிற்பதையும், பின்சந்தைப் பார்த்துத் திரும்பிய தலையையும் கவனித்துவிட்டாள்.

"பின்பக்கமா ஓடிருவேன்னு பாத்தியாக்கும்."

நாகஜோதி தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் சொல்றதக் கேளு. பிள்ளையக் குளிப்பாட்டணும்னா அதோட அரைஞாண், கொலுசு, காப்பு எல்லாத்தையும் கழட்டணும். யாரு கழட்டுவா? நாந்தேன். தாய்க்காரி தூங்கிக்கிட்டிருப்பா. அம்புட்டு நகையும் என் கையில இருக்கும். ஒரு வீட்டுலயாவது ஒரு மணி கொறஞ்சுச்சுன்னு பேச்சு வந்திருக்கா? கேட்டுப் பாரு. இன்னைக்கு நீ திருடின்னு சொன்னியே, அந்த பஸ்ஸுல நான் முன்ன போன பாசிங்காபுரத்து வீட்டு மாமியா இருந்துச்சு. அவுக மகளுக்கு இது பெறப்போற மாசம். எனக்குத்தான் சொல்லி வச்சிருக்காக."

"அக்கா, நான் தெரியாம..."

"அக்காவும் வேணாம், ஆட்டுக்குட்டியும் வேணாம். வீட்டக் காட்டுறேன். நாளைக்குக் காலையில அதே பஸ்ஸுல, அம்புட்டுப் பேருக்கும் கேக்குற மாதிரி, இவ எடுக்கலன்னு நீ சொல்லணும். சொல்லுவியா?"

நாலு பேர் பார்க்கிற இடத்தில் வாய் திறப்பது நாகஜோதிக்குச் செத்துப் பிழைப்பது மாதிரி. அன்று காலையில் கத்தியதுகூட அவளாகக் கத்தியது இல்லை, பயம் கத்தியது. ஆனாலும், "சொல்றேன்" என்றாள்.

ஷேர் ஆட்டோவில் சிக்கந்தர் சாவடிக்குத் திரும்பினார்கள். மஞ்சள் சேலைக்காரியின் வீட்டில் பிள்ளை தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது. டிவி மேல் இரண்டு மஞ்சள் பைகள், பிரிக்கவே இல்லை.

"ஐயோ அக்கா, கனமில்லாம இருக்கேன்னு நெனச்சேன். தேங்கா போட மறந்துட்டாக போலன்னுட்டேன்" என்று அவள் பதறி எடுத்துக் கொடுத்தாள்.

நாகஜோதி பையை வாங்கியதும் துணியை வெளியே எடுத்து விரித்தாள். யானையின் தும்பிக்கை, கால், மயிலின் தோகை என்று விரலால் தடவிக்கொண்டே வந்தாள். அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். தாமரைச்செல்வி சுவரில் சாய்ந்து நின்று, "பாத்துக்க, நல்லாப் பாத்துக்க. அப்புறம் எங்கிட்டக் கேக்காத" என்றாள்.

எல்லாக் கல்லும் இருந்தது.

பெரியாரில் இறங்கியபோது மத்தியானம் தாண்டிவிட்டது. ஓட்டமும் நடையுமாகப் போனாள். கடைத்தெரு முனை டீக்கடை கண்ணிலேயே படவில்லை. அப்படியே கடைக்குள் நுழைந்து மஞ்சள் பையை மேஜை மேல் வைத்தாள். பெண்ணின் அம்மா எழுந்து நின்றார். மீனலோசனி பையைப் பார்த்தார், நாகஜோதியைப் பார்த்தார். கையை உள்ளே விட்டுத் துணியை எடுத்தார். அதோடு அடியில் மடித்து வைத்திருந்த கறுப்பு ஜிப் பையும் வந்தது.

"இதுலயா நாகு கொண்டுவந்த?"

"இதுதான்க்கா பத்திரம். இத எவனும் தொடமாட்டான்."

"இன்னைக்கு மட்டுமா, எப்பவுமேவா?"

பொய் சொல்லியிருக்கலாம். காலையிலிருந்து சொன்ன பொய்களே போதும் என்று தோன்றியது. "எப்பவுமேதான்" என்றாள்.

மீனலோசனி திட்டவில்லை. பெண்ணின் அம்மா போகும்வரை காத்திருந்தார். பிறகு ஸ்ரீநாத்தோடு அவர்கள் பாஷையில் நிதானமாக நாலு வார்த்தை பேசினார். இந்தத் தடவை அது தன்னைப் பற்றித்தான் என்பதில் நாகஜோதிக்குச் சந்தேகமே இல்லை.

"கல்யாண ஐட்டம் இனிமே ஸ்ரீநாத்து வண்டியில போய் எடுத்துட்டு வரட்டும்" என்றார் தமிழில். "நீ சாதாரண ஜாக்கெட்டு, ஹெம்மிங், கொக்கி வேலை இதெல்லாம் கொண்டுபோ, கொண்டுவா. உன்மேல கோவம் இல்ல நாகு. நான் குடுத்த பைய விட்டுட்டு நீயா ஒண்ணு செஞ்சிருக்க, இத்தன வருஷம் எங்கிட்டச் சொல்லல. இன்னும் என்னென்ன சொல்லலையோன்னு இருக்கு."

மறுநாள் காலை நாகஜோதி பஸ்ஸில் ஏறி, யாரையும் பார்க்காமல் நடுவில் போய்க் கம்பியைப் பிடித்து நின்றாள். குமாரத்தில் தாமரைச்செல்வி ஏறினாள். முன்னால் போய் உட்கார்ந்தாள். பாசிங்காபுரம் நெருங்கியும் நாகஜோதிக்கு வாய் வரவில்லை. தாமரைச்செல்வி திரும்பியும் பார்க்கவில்லை.

"நேத்து..." என்று ஆரம்பித்தாள். இன்ஜின் சத்தத்தில் அவளுக்கே கேட்கவில்லை. "நேத்து என் பை காணாமப் போச்சு. இந்தக்கா எடுக்கல. நாந்தேன் அவசரப்பட்டு வாய விட்டுட்டேன். பை கெடச்சிருச்சு. இந்தக்காதான் தேடிக் குடுத்தாக."

காலேஜுக்குப் போகும் பெண்கள் சிலர் காதிலிருந்து ஒயரை எடுத்துவிட்டு என்ன என்று பார்த்தார்கள். பாதிப் பேருக்கு நேற்று நடந்ததே தெரியாது.

"கேட்டுச்சா எல்லாருக்கும்? நேத்துக் கத்துன கத்துக்கு இன்னைக்கு வரவு வச்சாச்சு" என்றார் விருமாண்டி.

"அப்ப நேத்துத் திருடின்னு சொன்னது?" என்று ஒருத்தி கேட்டாள்.

"நாந்தேன்" என்றாள் நாகஜோதி.

"இன்னைக்கு இல்லன்னு சொல்லச் சொன்னது?"

நாகஜோதி பதில் சொல்வதற்குள் கேட்டவள் முன்னால் உட்கார்ந்திருந்த தாமரைச்செல்வியைப் பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சொல்ல வைத்தது தாமரைச்செல்விதான் என்று அவள் முடிவு கட்டிவிட்டது அந்த முதுகிலேயே தெரிந்தது.

பாசிங்காபுரத்து மாமியார் அன்று பஸ்ஸில் இல்லை. அதனால் நாகஜோதி விசாரித்து அந்த வீட்டுக்கே போனாள். அது யாரும் கேட்காமல் அவளாகச் செய்தது. அவர்கள் உட்காரச் சொன்னார்கள்; மோர் கொடுத்தார்கள். அவள் நடந்ததை எல்லாம் சொன்னாள். அந்தம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க அவுகளுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

"ஒண்ணும் வேணாம். பஸ்ஸுல பழக்கம்."

"அவுகதான் அனுப்புனாகளா?"

"இல்லைங்க. நானாத்தான் வந்தேன்."

"சரிங்க. நாங்க பாத்துக்கிறோம்" என்றார் அந்தம்மா. வாசல்வரை கூடவே வந்து, அவள் தெருமுனை திரும்பும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் கேட்டைச் சாத்தினார்.

பாசிங்காபுரத்து வீட்டில் பிள்ளை பிறந்தது. குளிப்பாட்ட வேறொரு பெண் போகிறாள். தாமரைச்செல்விக்கு இந்தப் பக்கம் இப்போது கூடல் நகர் வீடு மட்டும்தான்; அந்தப் பிள்ளைக்கும் கழுத்து நின்றுவிட்டது, இனி அதிக நாள் கூப்பிட மாட்டார்கள். வாரத்தில் பாதி நாள் வாடிப்பட்டிப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறி, அவளை யாருக்கும் தெரியாத ஊர்களில் வீடு கேட்டு வருகிறாள். இரண்டு வீடு கிடைத்திருக்கிறது. நாகஜோதி கொக்கி வைக்கும் துணிகளைக் கறுப்பு ஜிப் பையில் கொண்டுபோகிறாள்; சம்பளம் பாதியாகிவிட்டது. நிறுத்தத்தில் பார்த்தால் இரண்டு பேரும் தலையை அசைத்துக்கொள்வார்கள். அதற்கு மேல் பேச்சு இல்லை.